வாசற்படி எங்கே முடிகிறது? வடசென்னை வழிபாட்டுத் தலங்களில் ஒரு வாரம்

வியாழன், பாரிமுனை

மெட்ரோவில் வருபவர்கள் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். மின்சார ரயில் என்றால் கடற்கரை நிலையம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் பகல் நேரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும்.

தலபுராணமும் சிற்ப அழகும் வேண்டுவோருக்கு வேறு கட்டுரைகள் ஏராளம். இந்த வாரம் பார்க்கப்போவது ஒரு சட்டம் தெருவில் எப்படி நடக்கிறது என்பதை. 1947-இல் விடுதலை பெற்ற நாடு, அரசுக்கென்று ஒரு மதம் கிடையாது, மக்களுக்கு எந்த மதத்துக்கும் உரிமை உண்டு என்று எழுதிக்கொண்டது. எழுதியபின் எழுந்த கேள்விகள் பெரும்பாலும் வாசற்படிக் கேள்விகள்தான். யார் உள்ளே வரலாம், அதிகாரி எதுவரை வரலாம், உள்ளே போடும் சத்தம் எதுவரை வெளியே போகலாம், அரசுப் பணம் எந்த வழியாக உள்ளே வரலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வடசென்னையில் ஒரு முகவரி இருக்கிறது.

முதல் முகவரி உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஆண்டர்சன் தேவாலயம். இதை ஒட்டித்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 வரை இருந்தது. அதன்பின் தாம்பரம் போனது. இங்கே படித்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அரசமைப்பு அவையில் உட்கார்ந்திருந்தார். 1948 டிசம்பர் 6-ஆம் தேதி, மதத்தைக் கடைப்பிடிக்க மட்டுமல்லாமல் பரப்பவும் உரிமை வேண்டுமா என்ற விவாதம் சூடாக நடந்தபோது, வேண்டும் என்ற பக்கம் பேசினார். கிறித்தவ நிறுவனங்களில் படித்த தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று தன் அனுபவத்தையே சான்றாக வைத்தார். அந்த உரிமை இன்றைய 25-ஆம் பிரிவில் நின்றது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் என்ற மூன்று கடிவாளங்கள் அதற்கு உண்டு. முகவுரையில் 'மதச்சார்பற்ற' என்ற சொல் ஏறியது 1976-இல், 42-ஆம் திருத்தத்தில். சொல் வருவதற்கு முன்பே ஏற்பாடு வந்துவிட்டது.

இந்தத் தேவாலயம் ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் மரபில் எழுந்தது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அந்தத் திருச்சபை பிறந்த நாளைக் கவனியுங்கள்: 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். விடுதலை கிடைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் என்று வெள்ளைக்காரன் ஊரில் பிரிந்து கிடந்தவை இங்கே ஒன்றாகிவிட்டன.

சாலையைக் கடந்தால் உயர் நீதிமன்றம். உடுப்பியின் சிரூர் மடம் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்ததால் அதன் வழக்கு இங்கேதான் வந்தது. 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம், ஆணையரும் அவர் அனுப்பும் ஆட்களும் மடத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம் என்றது. வருமானத்தில் 5 விழுக்காடு வரை பங்குத்தொகை வாங்கவும் வழிசெய்தது. 1954 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. அதிகாரி நினைத்தபடி கருவறைவரை போக முடியாது. பங்குத்தொகையோ கட்டணம் என்ற பெயரில் வாங்கும் வரி, அதைப் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. மதம் என்றால் கொள்கை மட்டுமல்ல, பூசை, நைவேத்தியம், உடை வரை மதம்தான் என்றும் சொன்னது. சொத்து நிர்வாகம் மட்டும் சட்டத்துக்கு உட்பட்டது. அதன்பின் வந்த மதச் சுதந்திர வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத் தொடாதவை குறைவு.

வெள்ளி, மண்ணடியும் தம்புச் செட்டித் தெருவும்

ஜும்மா நேரம், அதாவது ஒரு மணியிலிருந்து இரண்டுக்குள், அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மாமூர் பக்கம் ஆட்டோ நுழையாது. காலையிலேயே போய்விடுங்கள், அல்லது மூன்றுக்குமேல். மெட்ரோவில் மண்ணடி நிலையம்.

ரமலானில் வருபவர்கள் நோன்புக் கஞ்சி வாங்காமல் போவதில்லை. அண்டா கணக்கில் காய்ச்சுவதன் சிறு அளவு இது: ஒரு கிலோ பச்சரிசி நொய், கால் கிலோ பாசிப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம், தாராளமாகப் பூண்டும் இஞ்சியும், கைமா கால் கிலோ, தண்ணீர் எட்டிலிருந்து பத்து லிட்டர். தேங்காய்ப்பால் கடைசியில்தான். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அடிபிடித்த வாடை வந்தால் கிளறுவதை விட்டுவிட்டார்கள் என்று பொருள். மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றலாமே தவிர, அடியைச் சுரண்டிக் கலந்தால் மொத்த அண்டாவும் போச்சு.

அந்தக் கஞ்சிக்கான அரிசியைத் தமிழ்நாட்டு அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு விலையில்லாமல் கொடுக்கிறது. மதச்சார்பற்ற அரசு இப்படிச் செய்யலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். 27-ஆம் பிரிவு தடுப்பது, ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கிய வரியைக் கட்டச் சொல்வதை. பொது வருவாயிலிருந்து கொஞ்சம் போவது அதில் அடங்காது என்று ஹஜ் மானிய வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது, பலர் படிக்காதது: 290-அ பிரிவு. 1956-இல் திருவிதாங்கூரிலிருந்து கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தபோது, அங்குள்ள கோயில்களுக்காக ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் அரசு கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அரசுக்கும் மதத்துக்கும் நடுவே மதில் கட்டும் ஏற்பாடு நம்முடையது அல்ல. கதவு வைத்த ஏற்பாடு, யாருக்கு எப்போது திறப்பது என்பதில்தான் சண்டை.

மாலையில் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள். விசுவகர்ம சமூகத்தார் வழிவழியாக நடத்திவரும் கோயில். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குமேல் வரிசை தெருவுக்கு வந்துவிடும். செருப்பை எங்கே விட்டோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சமூகம் நடத்தும் கோயில் என்பதால் மற்றவர்களைத் தடுக்க முடியுமா? முடியாது. 1939-இல் தொடங்கிய ஆலயப் பிரவேசச் சட்டத்தை 1947-இல் எல்லாக் கோயில்களுக்குமாக விரித்தார்கள். அந்த 1947 சட்டத்தை எதிர்த்துத் தென்கன்னடத்து மூல்கி கோயிலின் கௌட சாரஸ்வத் பிராமணர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1958 தீர்ப்பு: சமயப் பிரிவினருக்குச் சொந்தக் கோயிலை நடத்த உரிமை உண்டு, சில சடங்குகளைத் தங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் தரிசனத்துக்கு எல்லா இந்துக்களையும் விட்டே ஆக வேண்டும். இந்து அல்லாதவர்கள் கொடிமரம்வரைதான். பழனி வழக்கில் 2024 ஜனவரியில் மதுரைக் கிளை அதற்கும் ஒரு விலக்கு வைத்தது, நம்பிக்கையோடு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விடலாம் என்று.

பசித்தால் கடற்கரை நிலையம் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தது. புளிக்கரைசலும் பொரித்த வெங்காயமும் கம்மியாகப் போட்டால் அது அத்தோவே அல்ல, கேட்டு வாங்குங்கள்.

சனி, அர்மேனியன் தெரு

இந்தத் தெருவுக்கு வருபவர்கள் பாதிப்பேர் அந்தோணியார் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். அதே தெருவில் பெரிய மரக்கதவு ஒன்று, உள்ளே அர்மேனியர் ஆலயம். முதலில் 1712-இல் எழுந்து, இப்போதைய இடத்தில் 1772-இல் கட்டப்பட்டது. காலையில் போங்கள், பிற்பகலில் பூட்டிவிடுவார்கள். மணிக்கூண்டு தனியாக நிற்கும், அதில் ஆறு மணிகள். தரையில் பதித்த கல்லெல்லாம் கல்லறைக் கற்கள். மிதிக்காமல் நடக்கப் பாருங்கள். அர்மேனியச் சமூகம் இங்கே இல்லாமல் போனதால் வாராந்திரப் பூசை கிடையாது. பராமரிப்பு கொல்கத்தா அர்மேனியர்களின் பொறுப்பு.

இங்கே அடக்கமாகியிருக்கும் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன் 1794-இல் நடத்திய இதழ்தான் உலகின் முதல் அர்மேனிய இதழ். அதற்கும் முன்னால், சென்னையில் வணிகம் செய்த ஷஹாமிர் ஷஹாமிரியன் குடும்பம் சொந்த அச்சகம் வைத்து, இல்லாத ஒரு நாட்டுக்கு அரசமைப்புச் சட்டமே அச்சடித்தது. 521 பிரிவுகள். அர்மேனியா அப்போது பாரசீகர்களுக்கும் துருக்கியர்களுக்கும் நடுவே கிடந்தது. ஆணோ பெண்ணோ, அர்மேனியரோ அயலாரோ, எல்லோரும் சமம் என்றது அந்த வரைவு. ஆட்சிப் பொறுப்பு மட்டும் அர்மேனியத் திருச்சபையாருக்கு. விடுதலை பெறும் எந்த நாடும் முட்டிக்கொள்ளும் முடிச்சு அதிலேயே இருக்கிறது. எல்லோரும் சமம், ஆனால் ஒருவர் கொஞ்சம் முன்னால்.

அந்த நாடு நிஜமாகவே வந்தது 1991-இல். செப்டம்பர் 21 வாக்கெடுப்பில் சோவியத்திலிருந்து விலகியது. அதற்கு மூன்று மாதம் முன்பே, ஜூன் 17-இல், மனசாட்சிச் சுதந்திரச் சட்டம் இயற்றிவிட்டார்கள். சோவியத் காலத்தில் கிடங்காகவும் பூட்டியும் கிடந்த ஆலயங்கள் திறந்தன, ஞானஸ்நானத்துக்குக் கூட்டம் வந்தது, அங்கே கிறித்தவம் அரச மதமாகி 1700 ஆண்டு நிறைந்ததற்காக 2001-இல் தலைநகர் யெரெவானில் பெரிய பேராலயம் எழுந்தது. ஆன்மிக மறுமலர்ச்சி என்று அதைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விதி, அடுத்தவர் ஆன்மாவை வேட்டையாடக் கூடாது, அதாவது மதம் மாற்ற முனையக் கூடாது என்று. 1997 திருத்தத்துக்குப் பிறகு ஒரு சமய அமைப்பு பதிவாக வேண்டுமானால் வயது வந்த உறுப்பினர் 200 பேர் வேண்டும். யெகோவா சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர் பல முறை திருப்பி அனுப்பப்பட்டு 2004-இல்தான் பதிவானார்கள். அவர்களில் ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்ற ஒருவருக்கு 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நியாயம் சொன்னது. 2005-இல் அரசமைப்பைத் திருத்தியபோது, திருச்சபை அரசிலிருந்து பிரிந்தது என்று எழுதிய அதே இடத்தில் அதன் தனித்த வரலாற்றுப் பணியையும் ஏற்றார்கள்.

நாம் சிரிக்க வேண்டாம். பரப்பும் உரிமையை 1948-இல் கொடுத்த நாட்டில்தான், பரப்பலாம், ஆனால் அடுத்தவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை அல்ல என்று 1977-இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து, 2004 தேர்தல் தோல்விக்குப்பின் கைவிட்டது.

ஞாயிறு, ராயபுரமும் மாதவரம் நெடுஞ்சாலையும்

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் புனித பேதுரு ஆலயம், 1829. குருகுல வம்சப் படகோட்டிகள் தங்கள் மரக்கல மகமைப் பணத்தில் கட்டியது. கூலியிலிருந்து எடுத்துவைத்த காசு என்பதால் கோயில் எங்களுடையது என்ற உரிமைக் குரல் இங்கே எப்போதும் ஓங்கியே இருந்திருக்கிறது. ஜூன் 29 திருவிழா.

மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னிக் கோயில். மகன் ஜால் நினைவாக பிரோஜ் கிளப்வாலா கொடையில் 1910-இல் திறந்தது. தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான். பார்சி அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. கேட்டருகே நின்று முகப்பைப் பாருங்கள், வாதாட வேண்டாம், காவலரிடம் கெஞ்சவும் வேண்டாம். நாளின் ஐந்து பொழுதுக்கும் அக்னிக்கு விறகிட்டு ஓதுவது அவர்கள் வழக்கம். முந்தாநாள் பார்த்த மூல்கி தீர்ப்போடு இதை வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் கதவைத் திற என்று அரசு சொல்ல 25-ஆம் பிரிவு இடம் கொடுப்பது இந்துக்களின் பொதுக் கோயில்களுக்கு மட்டும். காரணம் தீண்டாமை. மூடிய கதவு இங்கே ஒரு சிறு சமூகத்தின் காப்பு, அங்கே ஒரு பெருங்கூட்டத்துக்கு அவமானம். இரண்டுக்கும் ஒரே விதி வேண்டும் என்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மாலை மாதவரம் நெடுஞ்சாலை. இங்குள்ள குடியிருப்பு ஒன்றின் நலச் சங்கத்துக்கும் பெந்தெகொஸ்தே சபை ஒன்றுக்கும் நடந்த வழக்கு நாடு முழுதும் விதியானது. டிரம், கிட்டார், ஒலிபெருக்கி வைத்து ஆராதனை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது சாலையில் ஓடும் வண்டிகளின் இரைச்சலும் அளவுக்குமேல் இருந்தது. சபை அதைச் சொல்லி வாதாடியது, சிறுபான்மை என்பதால் குறிவைக்கிறார்கள் என்றது. 2000 ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கியால் அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று முடித்தது.

விழா நடத்துபவர்களுக்கு எந்த மதமானாலும் கணக்கு ஒன்றுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைத்தெருவில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், 50, 40. எழுத்து அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது; இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அறவே கூடாது. பண்பாட்டு, சமய விழாவுக்கு மட்டும் ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். சிக்கல் வருவது பெரும்பாலும் கூம்பு ஒலிபெருக்கியால். பெட்டி ஸ்பீக்கரைத் தாழ்வாக, கூட்டத்தைப் பார்த்து வைத்தால் பாதித் தகராறு வராது. ஆடி மாதத்தில் நாற்பதடிக் கம்பத்தில் கூம்பைக் கட்டி விடியற்காலை நாலரைக்கே பாட்டுப் போடும் மைக்செட்காரருக்கு இதை யார் சொல்வது என்பது வேறு விஷயம்.

திங்கள், பெரம்பூர்

லூர்து அன்னை திருத்தலத்துக்கு ரயிலில் வருவது சுலபம். பிப்ரவரி 11 விழா நாளில் மட்டும் நடக்கத் தயாராக வாருங்கள். இந்தப் பகுதி, ரயில்வே தொழிலாளர் நடுவே தமிழ்ப் பௌத்தமும் வேர்பிடித்த இடம்.

இங்கே மதச் சுதந்திரம் என்பது சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆக முடியும் என்றது. சீக்கியர்களை 1956-இல் சேர்த்தார்கள், பௌத்தர்களை 1990-இல். அதாவது அம்பேத்கரோடு 1956 அக்டோபரில் பௌத்தம் தழுவியவர்கள் மத்திய அரசின் ஒதுக்கீட்டுக்கு 34 ஆண்டு காத்திருந்தார்கள். கிறித்தவம் போன ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். தாய்மதம் திரும்பினால் உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பின்படி மூன்றைக் காட்ட வேண்டும்: முன்னோரின் சாதிக்குச் சான்று, திரும்பியதற்குச் சான்று, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு நிற்பது மூன்றாவதில்தான். ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரி வழக்கில் தீர்ப்பு வந்தபின் பிடி இன்னும் இறுகியிருக்கிறது.

செவ்வாய், திருவொற்றியூர்

மெட்ரோ, திருவொற்றியூர் தேரடி நிலையம். இறங்கினால் தியாகராஜர் கோயில் கூப்பிடு தூரம்.

ராஜகோபுரம் தாண்டியதும் அறநிலையத் துறையின் பலகை. இங்கே அரசு எதுவரை வருகிறது என்பதைப் பொருள் பொருளாகவே பார்க்கலாம். உண்டியல்: பூட்டும் முத்திரையும் போட்டது, ஒருவரே திறக்க முடியாது. துறை அலுவலர் முன்னிலையில் திறந்து, தரையில் கொட்டிப் பிரித்து எண்ணி, பொன் வெள்ளியை எடைபோட்டு, அன்றே வங்கிக்கு. சீட்டு: அர்ச்சனைக் கட்டணம் பலகையில் இருப்பதுதான், அதற்குமேல் தட்டில் போடுவது உங்கள் விருப்பம். பிரசாதம்: 1959 சட்டத்தின் 106-ஆம் பிரிவு, தீர்த்தமும் பிரசாதமும் கொடுப்பதில் சாதி பார்க்கக் கூடாது என்கிறது. சிரூர் மடத் தீர்ப்பில் அடிபட்ட பங்குத்தொகையை, தனி நிதியாக வைத்துச் சேவைக்கான கட்டணமாக மாற்றி மீட்டார்கள். இப்போது வருமானமுள்ள கோயில்கள் 12 விழுக்காடு வரை நிர்வாகத்துக்கும் 4 விழுக்காடு தணிக்கைக்கும் கட்டுகின்றன. அர்ச்சகர்: பரம்பரை உரிமையை 1970-இல் நீக்கியபோது, நியமிப்பது உலகியல் வேலை, எனவே அரசு தலையிடலாம், ஆகமப்படி தகுதியுள்ளவரா என்பது மட்டும் மதம் என்று 1972 சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்தது. இந்தப் பிரிவினையின் கூர்முனையில்தான் இன்றும் எல்லா வழக்கும் நிற்கிறது. கணக்கில் துறை கண்டிப்பாக இருப்பது நல்லதுதான், குறை, திருப்பணியில்.

கடற்கரைக் கோயில்களில் என்ன கெடுகிறது? உப்புக்காற்று சுதைச் சிற்பத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவாக்கும், துரு பருத்துச் சுதையைப் பிளக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் உதிரும். சுண்ணாம்பு குறைந்தது பதினைந்து நாள் ஊறி, மணலோடு அரைபட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைய வேண்டும். கம்பிக்குச் செம்பு போடுவது நல்லது, செலவைப் பார்த்துத் தவிர்க்கிறார்கள். கல்லைச் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சி அடித்தால் கல்வெட்டு எழுத்து மழுங்கும். தடை உண்டு, அப்படியும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. உபயதாரர் மனம் குளிரப் பழைய தளத்தின்மேல் புதிய கிரானைட் பதித்தால் பிராகாரம் உயர்ந்து, மழைத் தண்ணீர் சன்னிதிக்குள் வரும். உபயம் செய்ய நினைப்பவர்கள் தரைக்குப் பதில் வடிகாலுக்குக் கொடுங்கள். பெயர்ப் பலகை வைக்க இடம் இருக்காது, அவ்வளவுதான்.

குடமுழுக்கின்போது சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்துக்கு எட்டுப் பொருள்: கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இடித்து இடித்து மெழுகுப் பதம் வர வேண்டும். சூடு ஆறியபின் அடைத்தால் விரிசல் விடும், விரிசலில் அபிஷேகத் தண்ணீர் இறங்கும், பன்னிரண்டு ஆண்டு நிற்க வேண்டியது பாதியில் பெயரும்.

இங்கே மூலவர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். முதல் நாள் மாலைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல், வாய்ப்பிருந்தால் இரண்டாம் நாள் காலை வாருங்கள். வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், நண்பகலில் இங்கே வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றும் ஒரே நாளில் பார்க்கும் வழக்கம். மேலூரை ஒன்பதுக்குள் முடித்துக் கிளம்பினால்தான் நடை சாத்துமுன் இங்கே வரிசையில் நிற்க முடியும். திருமுல்லைவாயிலுக்கு அம்பத்தூர் வழி வேண்டாம், மாதவரம், செங்குன்றம் சாலை வழியே போங்கள். மாலை நெரிசல் அங்கே கொஞ்சம் குறைவு.